நியோவிமுக்கு நியோவைட் முகப்பு: எழுத்துரு, ஒட்டுதல், மொழிச் சேவையகச் சிக்கல்கள்

கேள்வி

டெர்மினலுக்குள் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) நியோவிம் எடிட்டரை வைத்துத்தான் நிரல் எழுதி வருகிறேன். கண்ட்ரோல்+என்டருக்கு ஒரு கட்டளையை ஒதுக்கப் பார்த்தேன். என் டெர்மினலில் அது வெறும் என்டராகவே போய்ச் சேர்கிறது. அதற்காகவே லினக்ஸில், நியோவிமைத் தனிச் சாளரத்தில் காட்டும் வரைகலை முகப்பான நியோவைடை நிறுவினேன். விசை சரியாகிவிட்டது. ஆனால் வேறு தொல்லைகள் வந்துவிட்டன. எழுத்து மிகச் சிறிதாகத் தெரிகிறது. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி அழுத்தினால் எதுவும் ஒட்டப்படுவதில்லை. செயலிப் பட்டியலிலிருந்து திறந்தால், பைத்தான் மொழிச் சேவையகத்தை (நிரலில் பிழை காட்டி உதவும் துணை நிரல்) காணவில்லை என்கிறது. டெர்மினலில் பெயரைத் தட்டித் திறந்தால் கிடைக்கிறது. வரைகலை முகப்புக்கென்று தனி அமைப்புக் கோப்பு எழுத வேண்டுமா?

பதில் 1

தனிக் கோப்பு வேண்டவே வேண்டாம். இரண்டு கோப்புகள் இருந்தால் ஒன்றில் திருத்தியது மற்றொன்றில் விடுபடும். பிறகு எந்த இடத்தில் எது வேலை செய்கிறது என்று தேடியே பொழுது போய்விடும். நியோவைட் ஒரு தனி எடிட்டர் அல்ல. பின்னணியில் உங்கள் நியோவிமையே இயக்குகிறது; நீங்கள் அழுத்தும் விசையை அதனிடம் அனுப்புகிறது; அது திருப்பித் தரும் எழுத்துக் கட்டங்களைத் திரையில் வரைகிறது. ஆகவே நியோவிமின் அமைப்புக் கோப்பான இனிட்.லூவா ஒன்றே போதும். அதற்குள் ‘விம்.ஜி.நியோவைட்’ இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு நிபந்தனையை வைத்து, முகப்புக்கு மட்டும் உரிய நாலைந்து வரிகளை அதனடியில் எழுதுங்கள்.

எழுத்துரு: ‘ஜியுஐஃபான்ட்’ விருப்பத்தில் எழுத்துருவின் பெயர், முக்காற்புள்ளி, ‘எச்’, அளவு என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக ‘ஜெட்பிரெயின்ஸ் மோனோ:எச்14’. ஒரே அகல எழுத்துருவாக இருக்கட்டும். அங்கேயே சுட்டியின் (எழுதும் இடத்தைக் காட்டும் கர்சர்) அசைவு நேரத்தையும் சுழியமாக்கிவிடுங்கள். சுட்டி வால்விட்டுப் பறப்பது முதலில் அழகாகத் தெரியும். நாள் முழுவதும் நிரல் படிப்பவருக்கு அது இடையூறு என்பதே என் உறுதியான கருத்து.

ஒட்டுதல்: இவ்வளவு நாளும் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வியைக் கவனித்துக்கொண்டது டெர்மினல், நியோவிமுக்கு அது தெரியவே தெரியாது. இப்போது நடுவில் டெர்மினல் இல்லை. அதே விசையை நீங்களே ஒதுக்க வேண்டும்: இயல்பு நிலையில் (விசைகள் கட்டளைகளாகும் நிலை) பிளஸ் பதிவேட்டிலிருந்து, அதாவது கணினியில் நகலெடுத்தது இருக்கும் இடத்திலிருந்து, ஒட்டும்படி, செருகு நிலையில் (எழுத்து தட்டும் நிலை) கண்ட்ரோல்+ஆர், பிறகு பிளஸ். கட்டளை வரிக்கும் இந்த இரண்டாவது வழியே பொருந்தும், அதை மறந்துவிடாதீர்கள்.

மொழிச் சேவையகம்: நிரல்களை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்று சொல்வது பாத் மாறி. அதில் மொழிச் சேவையகம் இருக்கும் கோப்புறையைச் சேர்ப்பது பெரும்பாலும் ஷெல்லின் தொடக்கக் கோப்பான பாஷ்ஆர்சியாக இருக்கும். அதை ஊடாடும் ஷெல் (டெர்மினலில் நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்குவது) மட்டுமே படிக்கும். செயலிப் பட்டியலிலிருந்து திறக்கும்போது அந்த ஷெல் இடையில் வராமலே போகலாம். இனிட்.லூவாவின் தொடக்கத்தில் ‘விம்.என்வ்.பாத்’ மதிப்பின் முன்னால் அந்தக் கோப்புறையைச் சேர்த்துவிட்டால், எங்கிருந்து திறந்தாலும் ஒரே நடத்தைதான்.

பதில் 2

தொலைவுச் சேவையகத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. அங்கே நியோவிமை ‘ஹெட்லெஸ்’ (திரை இல்லாமல்), ‘லிசன்’ (ஒரு போர்ட்டில் இணைப்புக்குக் காத்திருக்க) விருப்பங்களுடன் இயக்கி, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக அந்த போர்ட்டை உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து, நியோவைடை ‘சர்வர்’ விருப்பத்துடன் அதில் இணைக்கலாம். கோப்புகளும் செருகுநிரல்களும் அங்கே, வரைதல் இங்கே. லோக்கல்ஹோஸ்டில் (அந்தச் சேவையகத்துக்கு உள்ளிருந்து வரும் இணைப்புகளை) மட்டும் கேட்கும்படி வையுங்கள்; அந்த இணைப்புக்குக் கடவுச்சொல் கிடையாது, உள்ளே வருபவர் எந்தக் கட்டளையையும் இயக்க முடியும்.

கேட்டவர்

மூன்றும் தீர்ந்தன, மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம். நிரலுக்குள் தமிழில் குறிப்பு எழுதினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. எழுத்துருவை மாற்றினால் சரியாகுமா?

பதில் 1

முழுமையாகச் சரியாகாது. ஓர் எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று தீர்மானிப்பது நியோவிம். முகப்பு அந்தக் கணக்கை மீற முடியாது. ‘கொ’, ‘ணை’ போன்றவை அகலமானவை, ஒரு கட்டத்தில் அடங்க மறுக்கும். ஜியுஐஃபான்ட் பட்டியலில் காற்புள்ளி இட்டு இரண்டாவதாக ஒரு தமிழ் எழுத்துருவைச் சேர்த்துப் பாருங்கள். குறுகலான வடிவமுள்ளதாக இருந்தால் மோதல் குறையும். ஓரிரு வரிக் குறிப்புக்கு அது போதும். பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதுவதென்றால், கட்டங்களை நம்பி வரையாத வேறொரு எடிட்டரில் எழுதுங்கள்.