உதவி: எல்என்ஏ போட்டதும் வானிலைப் படம் போய், எஃப்எம் பாட்டு வருகிறது

திண்டுக்கல்_மாடி
அவசரம். மெட்டியோர் எம்2-4 வானிலை செயற்கைக்கோளின் படத்தை டாங்கிளில் (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்) பிடிக்கப் பார்க்கிறேன், 137.9 மெகாஹெர்ட்ஸ். எல்என்ஏ (ஆன்டெனா சிக்னலைப் பெருக்கும், இரைச்சல் குறைந்த பெருக்கி) இல்லாதபோது கோடு கோடாக அரைப் படமாவது வந்தது. ஆன்லைனில் ஒன்று வாங்கி மாட்டினேன், இப்போது அதுவும் இல்லை. திரையில் அலைவரிசைகளைக் காட்டும் வாட்டர்ஃபால் முழுக்க மஞ்சள். நடுவில் யாரோ பாடுகிறார்கள். வாங்கின பீஸே கெட்டதா? இன்னும் அரை மணியில் பாஸ், செயற்கைக்கோள் மேலே கடக்கும்.

சாலிடர்_சாமி
எந்த எல்என்ஏ? என்ன கேபிள், எத்தனை மீட்டர்? எல்என்ஏ மாடியிலா, கீழேயா? கரண்ட் எங்கிருந்து? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்கணும்.

அலை_வாத்தியார்
எல்என்ஏவை வால்யூம் திருகாணி என்று நினைத்து வாங்குகிறவர்கள் குறையவே மாட்டார்கள் போல. தம்பி, பெருக்கிகளை அடுக்கினால் இரைச்சல் எவ்வளவு என்று ஃப்ரீஸ் என்ற பொறியாளர் 1944-லேயே சூத்திரம் எழுதி வைத்துவிட்டார். அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

பேட்டரி_பாண்டி
செல்போன் சார்ஜரில் கரண்ட் கொடுத்திருப்பார், பந்தயம் கட்டுகிறேன். சார்ஜர் இரைச்சல்தான். 4 பென்சில் செல் போடுங்கள், சார்ஜ் ஏற்றுகிற வகை.

திண்டுக்கல்_மாடி
எஸ்பிஎஃப்5189இசட் சிப் போட்ட எல்என்ஏ போர்டு. கேபிள் ஆர்ஜி-58, 20 மீட்டர் இருக்கும். எல்என்ஏ டாங்கிள் பக்கத்தில்தான். ஆமாம், சார்ஜர்தான். ஆன்டெனா வி-டைபோல். பாஸ் போய்விட்டது.

சாலிடர்_சாமி
சார்ஜர் பாடாது பாண்டி. மாடியில் நின்றால் கொடைக்கானல் மலை தெரியுமா? அங்கே எஃப்எம் கோபுரம் இருக்கிறது. இந்த போர்டு 50 மெகாஹெர்ட்ஸ் முதல் 4 கிகாஹெர்ட்ஸ் வரை வருவதையெல்லாம் பெருக்கித் தள்ளும், எஃப்எம் பக்கம் 100 மடங்குக்கு மேல். பலமான எஃப்எம் உள்ளே போனால் டாங்கிள் திக்குமுக்காடிப் போகும். டாங்கிள் கெயினை (பெருக்கும் அளவை) 49-லிருந்து 20-க்கு இறக்கிப் பாருங்கள். பாட்டு போனால் டாங்கிள்தான் நிரம்பி வழிகிறது. போகாவிட்டால் எல்என்ஏவே வழிகிறது.

டிபி_கணக்கு
அது இருக்கட்டும், எல்என்ஏ இருக்கிற இடமே தப்பு. 20 மீட்டர் ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் 4 டிபி (டெசிபெல்) சாப்பிடும், பாதிக்கு மேல் சிக்னல் காலி. டாங்கிளின் இரைச்சல் எண் (தானே சேர்க்கும் இரைச்சல், குறைந்தால் நல்லது) 6, எல்என்ஏவுக்கு 0.6, கெயின் 20 என்று வையுங்கள். எல்என்ஏ இல்லாமல் மொத்தம் 10 டிபி. கீழே வைத்தால் 4.7. ஆன்டெனா காலடியில் வைத்தால் 0.9. கேபிளில் செத்த சிக்னலைக் கீழே வந்தபின் பெருக்கினால் கூடவே இரைச்சலும்தான் பெருகும். ஊட்டி ரேடியோ தொலைநோக்கியில் 1056 டைபோல்கள். 90-களின் தொடக்கத்தில் அதைப் புதுப்பித்தபோது டைபோலுக்கு ஒன்றாக எல்என்ஏ வைத்தார்கள். சும்மாவா?

அலை_வாத்தியார்
பாட்டுக்குக் காரணம் எளிது. இரண்டு எஃப்எம் நிலையங்கள் எல்என்ஏவுக்குள் கலந்து மூன்றாம் வரிசைக் கலப்பு (ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்த அலைவரிசை) 137-ல் விழுகிறது. பாடப்புத்தக விஷயம்.

டிபி_கணக்கு
மன்னிக்கணும் வாத்தியாரே. எஃப்எம் 88 முதல் 108 வரை. 2 × 108 − 88 = 128. அதற்கு மேல் மூன்றாம் வரிசை எட்டவே எட்டாது. ஐந்தாம் வரிசை என்றால் 3 × 108 − 2 × 88 = 148, அது எட்டும்.

அலை_வாத்தியார்
ஐந்தாம் வரிசையைத்தான் சொல்ல வந்தேன். எப்படியானாலும் எல்என்ஏவுக்கு முன்னால் எஃப்எம் தடுக்கும் ஃபில்டர் வேண்டும்.

சாலிடர்_சாமி
முன்னால் வேண்டாம். ஃபில்டரின் இழப்பு அப்படியே இரைச்சல் எண்ணில் ஏறும். எல்என்ஏவுக்குப் பின்னால் வையுங்கள்.

டிபி_கணக்கு
1.7 கிகாஹெர்ட்ஸில் என்றால் வானம் அமைதி, அங்கே சாமி சொல்வது சரி. 137-ல் வானமே பல நூறு கெல்வின் (இரைச்சலை வெப்பநிலையாக அளக்கும் கணக்கு) இரைச்சல் தருகிறது, ஊர் இரைச்சல் தனி. 0.6 டிபி என்பது 43 கெல்வின். முன்னால் ஃபில்டர் போட்டு 1.6 ஆனாலும் 129-தான். மலையைப் பார்த்த மாடிக்கு முன்னால்தான் ஃபில்டர்.

சாலிடர்_சாமி
எல்என்ஏ வழிந்தால் முன்னால். டாங்கிள் மட்டும் வழிந்தால் பின்னாலேயே போதும். அதற்குத்தான் கெயினை இறக்கிப் பார்க்கச் சொன்னேன். ஆளைக் காணோம்.

ரேடியோ_ராணி
அண்ணா, ஒரு சந்தேகம். எல்என்ஏவை மாடிக்கு ஏற்றினால் கரண்ட் கேபிள் வழியாகத்தானே போகணும்? டாங்கிளுக்கும் எல்என்ஏவுக்கும் நடுவில் ஃபில்டர் இருந்தால் டிசி, அதாவது அந்தக் கரண்ட், அடைபடாதா?

சாலிடர்_சாமி
நல்ல கேள்விம்மா. டிசி கடக்கும் ஃபில்டர் என்றால் சரி, இல்லையென்றால் எல்என்ஏ பட்டினிதான். இந்த போர்டுகளில் சிலதுதான் கேபிள் வழியே கரண்ட் எடுக்கும். வாங்கும் முன் பாருங்கள். அப்புறம், மழைக்கு எல்என்ஏவை மூட ஒரு ஊறுகாய் டப்பா, அடியில் சின்ன ஓட்டை.

பேட்டரி_பாண்டி
சார்ஜரை மாற்றினாரா இல்லையா என்று யாருமே கேட்கவில்லை.

திண்டுக்கல்_மாடி
5 நாள் ஊரில் இல்லை. பேட்டரி போட்டேன், மாற்றமில்லை. கெயின் 20-ல் பாட்டு போய்விட்டது, ஆனால் படம் முன்னைப் போலத்தான், அரையும் குறையுமாக. நேற்று எல்என்ஏவையும் பேட்டரியையும் மாடிக்கு ஏற்றி எஃப்எம் ஃபில்டரும் போட்டேன். காலை பாஸில் இலங்கை முழுசாகத் தெரிகிறது. எல்லோருக்கும் நன்றி.

டிபி_கணக்கு
ஃபில்டர் முன்னாலா, பின்னாலா?

டிபி_கணக்கு
தம்பி?