ஓடியவள், வரைந்தவள், அளந்தவன்: பல்கலைக்கழக மைதானத்து அனுபவங்கள்

பல்கலைக்கழக அணியின் 4×100 தொடர் ஓட்டத்தில் நான் மூன்றாவதாக ஓடினேன். தனித்தனியாக ஓடினால் நான்கு பேருமே நல்ல வேகம். சேர்ந்து ஓடும்போதுதான் எங்கோ இடித்தது. பேட்டனை, அதாவது கைமாற்றி ஓடும் குச்சியை, வாங்கும்போது நான் திணறுகிறேன் என்று கோச் சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன தப்பு என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

நுண்கலைத் துறை மாணவி ஒருத்தி மாலை நேரங்களில் வளைவு தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து கரித்துண்டால் வரைந்துகொண்டிருப்பாள். ஒரு நாள் நோட்டை என்னிடம் நீட்டினாள். "அக்கா, இது எல்லாமே உங்க கைதான். ஏன் இவ்வளவு சீக்கிரமே பின்னாடி நீட்டிடுறீங்க?"

பக்கத்துக்குப் பக்கம் என் வலது கை. தோள் திருகியிருந்தது, விரல்கள் விறைத்திருந்தன. பேட்டனோடு வருகிறவள் பல படங்களில் இன்னும் தூரத்தில் ஒரு நிழலாகத்தான் இருந்தாள். கை வீச்சு நின்றால் கால் வேகமும் குறையும் என்பது எனக்குத் தெரியும். அதை நானே செய்துகொண்டிருந்ததுதான் தெரியவில்லை.

அப்புறம் உடலியக்க ஆய்வு செய்த சீனியர் ஒருவர் நொடிக்கு 240 ஃபிரேம் வீதம் படம்பிடித்து எண்ணிப் பார்த்தார். கை நீட்டச் சொல்லிப் பேட்டனோடு வருகிறவள் பின்னாலிருந்து குரல் கொடுப்பதற்கு 30 ஃபிரேம் முன்பே என் கை நீண்டிருந்தது. அதாவது எட்டில் ஒரு பங்கு நொடி. அந்த வேகத்தில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். பேட்டன் மாற்ற 30 மீட்டர் இருக்கிறது, நான் தொடக்கத்திலேயே பயந்துபோய்க் கை நீட்டியிருக்கிறேன். குரல் கேட்ட பிறகுதான் கை என்று பழகப் பழக அது சரியானது. அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கி இன்றும் வைத்திருக்கிறேன்.

*

நான் சிற்பம் படித்தவள். புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1880களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வரிசையாகக் கேமராக்களை வைத்து, மாணவர்கள் ஓடுவதையும் தாண்டுவதையும் படமெடுத்தார். 1887இல் வந்த அந்தத் தொகுப்பில் 781 படத்தாள்கள். நூலகத்தில் அதன் மறுபதிப்பைப் பார்த்த அன்றே மைதானத்துக்குப் போய் உயரம் தாண்டும் பெண் ஒருத்தியிடம் வரைய அனுமதி கேட்டேன். மூன்று மாதம் கழித்துக் களிமண் உருவத்தைக் காட்டியபோது அவள் வெகுநேரம் பேசவில்லை. "என் முதுகு இப்படி வளையுமா?" என்று மட்டும் கேட்டாள்.

*

நான் ஆய்வகத்துப் பக்கம். டிரெட்மில்லில் முகமூடி மாட்டி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று அளப்பது என் வேலை. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருப்போம். நெடுந்தூர ஓட்டக்காரத் தம்பி ஒருவன் பாதியிலேயே கையை உயர்த்தினான். "இன்னும் ஒரு நிமிஷம்" என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு இயந்திரத்தை நிறுத்தினேன். அந்த ஒரு நிமிடத் தரவு எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பது எனக்குத்தான் தெரியும்.

ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடிய ரோஜர் பானிஸ்டரைப் பற்றி அவனிடம் சொன்னேன். டிரெட்மில்லில் தன்னையே சோதித்துக்கொண்டு மூச்சை ஆராய்ந்தவர். 1954 மே 6 அன்று ஒரு மைலை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடியபோது அவர் மருத்துவ மாணவர். அடுத்த வாரம் தம்பி தானாகவே திரும்பி வந்தான். கூடவே அணியிலிருந்து இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தான்.