றபானின் தாளத்தை அரபு எழுத்தணிக்குள் கொண்டுவருவது எவ்வாறு?

கிண்ணியாத் தூரிகை:
மீலாத் கண்காட்சிக்காக, றபான் என்ற வட்டத் தோற்பறை ஒன்றை வரைந்து அதன் வட்டத்துக்குள் பிஸ்மியை ('அல்லாஹ்வின் பெயரால்' எனத் தொடங்கும் அரபு வரி) எழுதினேன். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் கடைப் பெயர்ப்பலகை போலத்தான் இருக்கிறது. சிறு வயதில் பக்கீர் பாவாமார் றபான் அடித்துப் பைத்து எனும் பக்திப்பாடல் ஓதியபோது நெஞ்சில் விழுந்த அடி எழுத்தில் எங்கும் இல்லை. இசையிலிருந்து எழுத்தணி படைக்கும் இக்காலக் கலைஞர்கள் இதை எவ்வாறு கையாளுகிறார்கள்? (இசை கூடுமா, கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து இங்கே இழுக்க வேண்டாம்.)

நாணற்பேனை:
நானா, றபானை வரைந்ததுதான் பிழை. 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா, பேனையின் வாய் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியை அளவுகோலாக்கி எழுத்துகளின் விகிதத்தை வகுத்தார் என்பது மரபு. துலுத் என்ற எழுத்து வகையில் முதல் எழுத்தான அலிஃபின் உயரம் பெரும்பாலும் 7 புள்ளி. ஆகவே எண்ணிக்கை எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. உஸ்மானியத் துருக்கியரிடம் எழுத்தணிப் பயிற்சிக்கும் இசைப் பயிற்சிக்கும் 'மஷ்க்' என்ற ஒரே சொல்தான் வழங்கியது. 1944இல் நஜஃபில் பிறந்து பாரிஸில் குடியேறிய எழுத்தணிக் கலைஞர் ஹசன் மசூதி, 2005இல் நடனக் கலைஞர் கரோலின் கார்ல்சனுடனும் 'நெய்' என்ற நாணற்குழல் இசைஞர் குத்ஸி எர்குனருடனும் மேடையேறியபோது, இசைக்கருவியின் உருவத்தை அல்ல, எழுதும் கையின் வீச்சையே காட்சியாக்கினார்.

அரபுத் தாளத்தில் தோலின் நடுவே விழும் கனத்த அடி 'தும்', ஓரத்தில் விழும் கூர்மையான அடி 'தக்'. பேனையின் முழு வாயால் இழுக்கும் கோட்டையும் அதன் முனையால் மட்டும் இழுக்கும் கோட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

கோணமலை மிருதங்கம்:
எனக்கு அரபு வாசிக்கத் தெரியாது. ஆனால் நீங்கள் பதிவிட்ட படத்தில் எல்லா எழுத்துகளும் ஒரே நெருக்கத்தில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. மாணவருக்கு அடியைச் சொல்லிக்கொடுப்பது எளிது, கார்வையில் (அடிகளுக்கு இடையிலான இடைவெளியில்) கையை நிறுத்தச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடு. உங்கள் எழுத்தில் கார்வைக்கு இடமுண்டா?

நாணற்பேனை:
உண்டு, ஐயா. 'கஷீதா' எனப்படும் நீட்டல் அதுதான். பிஸ்மியில் வரும் ஸீன் என்ற எழுத்தை, அதன் பற்களை விட்டுவிட்டு ஒரே நீண்ட கோடாக இழுப்பது பழைய வழக்கம்.

கிண்ணியாத் தூரிகை:
நேற்றிரவு வட்டத்தை விட்டுவிட்டு, மூங்கில் குச்சியைச் சரிவாக வெட்டி ஸீனை மட்டும் இழுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது தாளில்தான் கை நடுங்காமல் அடுத்த எழுத்தான மீமுக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தாளை வைத்திருக்கிறேன். கண்காட்சிக்கு அதன் அளவிலேயே மீதியை எழுதப்போகிறேன்.