கண்டொனேஷன் ஃபீன்னா என்ன, டொனேஷனா?

கடைசிபெஞ்ச்: அட்டெண்டன்ஸ் 71% தான் இருக்கு, 75 வேணுமாம். நோட்டீஸ் போர்டுல என் பேருக்கு நேரா கண்டொனேஷன் ஃபீ கட்டணும்னு ஒட்டிட்டாங்க. வீட்ல சொன்னா அப்பா "சேரும்போதே டொனேஷன் கேக்கல, இப்ப எதுக்குடா"ன்னு கத்துறாரு. கண்டோன்னா மன்னிக்கிறதா? லெட்டர்ல "ப்ளீஸ் கண்டோன் மீ"ன்னு எழுதலாமா?

சொல்லாண்டி: அப்பா சொன்னது முழுசா தப்பில்ல ப்ரோ 😄 லத்தீன்ல டோனாரேன்னா கொடுக்குறது, டொனேஷன், கண்டோன், பார்டன் எல்லாம் அந்த வேர்ல இருந்து வந்ததுதான், நாம விட்டுக்கொடுக்கிறதுன்னு சொல்றோம்ல அதே மாதிரி. ஆனா "மீ" போட்டுடாதீங்க. ஃபர்கிவ் பண்றது ஆளை, கண்டோன் பண்றது தப்பை. "கண்டோன் த ஷார்ட்டேஜ் ஆஃப் அட்டெண்டன்ஸ்"னு எழுதுங்க.

கறுப்புகோட்டு: தம்பி, கோர்ட்ல இது தினப்படி புழங்குற வார்த்தை. அப்பீல் போட நாள் தாண்டிடுச்சுன்னா 1963 லிமிடேஷன் ஆக்ட் 5வது பிரிவுல கண்டோன் டிலே பெட்டிஷன் போடுவோம், சரியான காரணம் காட்டணும். அலோ ஆனா கேஸ் ஜெயிச்சதா அர்த்தமில்ல, உள்ள வர விட்டாங்க அவ்ளோதான், கட்சிக்காரங்க இதுக்கே ஸ்வீட் வாங்கிட்டு வந்துடுறாங்க. இன்னொரு இடம் குடும்ப வழக்கு. 1975ல தஸ்தானே கேஸ்ல மனைவி பண்ணது கொடுமைதான்னு சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கிச்சு, ஆனா அதுக்கப்புறமும் ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா வாழ்ந்திருக்காங்க, அதனால நீங்களே அதை கண்டோன் பண்ணிட்டீங்கன்னு சொல்லி கணவருக்கு பிரிஞ்சு வாழ்ற உத்தரவு தரல. அதாவது தப்பு தப்புதான், தெரிஞ்சே பொறுத்துப் போயாச்சு.

மீனாட்சி_ம: நியூஸ்ல "வீ டோன்ட் கண்டோன் வயலன்ஸ்"னு வந்தா மன்னிக்க மாட்டோம்னு மொழிபெயர்க்கிறாங்க, படிக்கவே ஒரு மாதிரி இருக்கு. அதை ஏத்துக்க மாட்டோம், கண்டும் காணாம விட மாட்டோம்ங்கறதுதான் அங்க பொருந்தும். பெரும்பாலும் இப்படி நாட் போட்டுத்தான் வரும். அப்புறம் கண்டோல் வேற, துக்கம் விசாரிக்கிறது. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் மேனேஜரோட அப்பா தவறினதுக்கு "ஐ கண்டோன் யுவர் லாஸ்"னு மெயில் போட்டாரு, ரிப்ளை ஆல் வேற.

கடைசிபெஞ்ச்: ஐயோ 😂 நன்றி எல்லாருக்கும். "மீ"யை தூக்கிட்டு லெட்டர் குடுத்தாச்சு, ஃபீஸும் கட்டியாச்சு. அப்பா ரசீதை வாங்கி வச்சுக்கிட்டு இதை டொனேஷனுக்கு வரிச்சலுகை தர்ற 80ஜி-ல காட்டலாமான்னு கேக்குறாரு.