பிள்ளைகள் விளையாட மணல் தொட்டி: எவ்வளவு மணல் பிடித்தது? உங்கள் அனுபவம் சொல்லுங்க

பின்பக்கம் வேப்ப மரத்தடியில் மகளுக்குத் தொட்டி கட்டினோம். 5 அடி நீளம், 4 அடி அகலம், சுற்றிலும் ஒரு அடி உயரத்துக்குச் செங்கல். விளிம்பு வரை நிரப்பக் கூடாது; மேலே 3 அங்குலம் விட்டால்தான் பிள்ளை வாரி இறைக்கிறது வெளியே போகாது. ஆக மணல் 9 அங்குலம், அதாவது முக்கால் அடி. 5 × 4 × 0.75 = 15 கன அடி. மணல் விற்பதோ யூனிட் கணக்கில்; ஒரு யூனிட் 100 கன அடி. பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் ஆற்று மணல் மிச்சம் இருந்தது, கேட்டு வாங்கினோம்.

15 என்றதும் கொத்தனார் அண்ணன், "பத்தாதும்மா, 19 போட்டுக்கங்க" என்றார். குவியலில் இருந்தது ஈர மணல். லேசான ஈரத்தில் மணல் உப்பிக்கொண்டு நிற்கும், கால் பங்கு வரைகூட அதிகமாகக் காட்டும். ஒரு பக்கெட்டில் தலைதட்டி அள்ளி, மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். குமிழி விட்டுக்கொண்டே மணல் மூன்று விரற்கடை கீழே இறங்கிவிட்டது! அதைப் பார்த்த பிறகு மறுபேச்சே பேசவில்லை.

எம்-சாண்ட் வேண்டாம் என்பதில் நான் உறுதி. கல்லை உடைத்து எடுப்பது, துகள் கூராக இருக்கும், தூசியும் அதிகம். கட்டடத்துக்கு நல்லதுதான், பிள்ளை கைக்கும் மூச்சுக்கும் ஆகாது. ஆற்று மணலையும் சலித்து, கழுவித்தான் கொட்டினோம்.

*

அக்கா, மொட்டை மாடியில் வைக்க நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்களுக்கும் முதல்ல அந்த யோசனைதான். என் மச்சான் சிவில் இன்ஜினியர், கேட்டதுமே தடுத்துட்டார். காய்ந்த மணலே ஒரு கன அடி சுமார் 45 கிலோ. உங்க 15 கன அடி 675 கிலோ, நனைஞ்சா இன்னும் கூடும். 9 அங்குலம் கொட்டினா சதுர மீட்டருக்கு 360 கிலோவுக்கு மேல. ஆள் ஏறிப் புழங்குற மாடிக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875-படி கணக்கில் எடுக்கிற சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோ சொச்சம்தான். மணலோட சுமையோ நாள் முழுக்க, வருஷம் முழுக்க ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கும். தயவுசெஞ்சு மாடியில வைக்காதீங்க.

நாங்க கீழே கார் நிறுத்துற இடத்து ஓரமா வட்டத் தொட்டி வெச்சோம். குறுக்களவு 4 அடி, மணல் அரை அடி. 2 × 2 × 3.14 × 0.5, ஆறேகால் கன அடி. ரெண்டு வயசுப் பையனுக்கு இதுவே தாராளம். குழி தோண்டி விளையாடுற வயசுன்னா முக்கால் அடியாவது வேணும்.

*

மூட்டைக் கணக்கு கேட்கிறவங்களுக்கு: 50 கிலோ சிமெண்ட் சாக்கு ஒண்ணேகால் கன அடி பிடிக்கும், அதனால 15 கன அடிக்கு 12 சாக்கு. இது கணக்குக்கு மட்டும். பிள்ளைக்கான மணலை அந்தச் சாக்குல அள்ளவே அள்ளாதீங்க. ஓரத் தையல்ல ஒட்டியிருக்கிற சிமெண்ட் ஈரத்தோட சேர்ந்தா தோலை அரிச்சிடும். அரிசிச் சாக்குல அள்ளுங்க, பாதிக்கு மேல நிரப்பினா தூக்க முடியாது.

ராத்திரி மூடி வைக்கிறதும் கட்டாயம். பூனைக்கு மணல் கண்டா போதும், அங்கேயே போயிடும்; அதுல வர்ற புழு முட்டை பிள்ளை வாய்க்குப் போகும். தார்ப்பாய் வாங்கும்போது தொட்டியை விட நாலு பக்கமும் அரை அடி கூடுதலா எடுத்து, ஓரத்துல செங்கல் வெச்சிடுங்க.