இழப்பீட்டு வழக்கு உயர் நீதிமன்றம் போயிருக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம், என் மச்சானுக்காகக் கேட்கிறேன். சிங்கப்பூரில், துவாஸில் கப்பல் பட்டறை வேலை. பாரம் தூக்கும் செயின் பிளாக் நழுவி இரும்புத் தகடு வலது கைமேல் விழுந்ததில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவே மாட்டேன் என்கின்றன, சோற்றைப் பிசைந்து எடுத்தால் பாதி தட்டிலேயே விழுகிறது. அடி வேலையிடத்தில் படவில்லை என்று கம்பெனி அடம்பிடித்தது. மனிதவள அமைச்சில் விசாரணை நடந்து இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. சரி, முடிந்தது என்று பார்த்தால் கம்பெனியின் காப்புறுதி நிறுவனம் மேல்முறையீடு செய்திருக்கிறது.

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் மேல்முறையீடு செல்லும் என்கிறார்கள். அடி எங்கே பட்டது என்பது எப்படிச் சட்டக் கேள்வியாகும்? அரசாங்கச் சட்ட உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். இவன் கையில் இருப்பதோ தற்காலிகமாகத் தங்குவதற்கான ஸ்பெஷல் பாஸ், வேலையும் பார்க்க முடியாது, ஊரில் வட்டி ஏறிக்கொண்டே போகிறது.

இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ வாதாடும் வழக்கறிஞர் தெரிந்தால் சொல்லுங்கள், தமிழ் பேசுபவரானால் இன்னும் நல்லது. அப்புறம், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் இவன் தலையில்தான் விழுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். இழப்பீட்டில் பங்கு கேட்டு வரும் ஏஜெண்டுகள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.