டர்போவுக்கும் சிசிக்கும் தமிழ்: ‘துருத்தி’, ‘அள்ளளவு’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஏற்றும் டர்போசார்ஜருக்குச் ‘சுழலியூட்டி’, சிசி என்று (கன சென்டிமீட்டரில்) நாம் சொல்லும் எஞ்சின் டிஸ்பிளேஸ்மென்டுக்கு ‘இடப்பெயர்ச்சி’ என்று நம் குழுவில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நம் தமிழ்க் கலைச்சொல் பட்டியலில் ஏற்றும் முன் என் மறுப்பையும் கேளுங்கள். நான் மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பட்டறை வைத்திருப்பவன். சனிக்கிழமை பின்னேரங்களில் தோட்டத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு எஞ்சின் வேலை கற்றுக்கொடுக்கிறேன். இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்தவர்கள்; வீட்டிலும் பட்டறையிலும் தமிழ்தான். நான் ஒரு சொல்லைச் சொன்னதும் அவர்கள் கை சரியான இடத்துக்குப் போகவேண்டும்.

போன வாரம் ஒரு பையன் கேட்டான்: “அண்ணே, போலீஸ் ரோந்து சிவிக்ல டர்போ இருக்கா?” இல்லை. அரச மலேசிய போலீஸ் படை ரோந்துக்கு இறக்கிய பத்தாம் தலைமுறை ஹோண்டா சிவிக், டர்போ இல்லாத 1.8 லிட்டர். அதே கார் 1.5 டர்போவாகவும் கடையில் விற்றது. இரண்டையும் பலகையில் எழுதினேன். 1.8-க்கு 141 குதிரைத்திறன். முறுக்குவிசை 174 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 4,300 சுற்றில்தான். 1.5 டர்போவுக்கு 173 குதிரைத்திறன், 220 நியூட்டன் மீட்டர். அது 1,700 சுற்றிலேயே வந்துவிடும். ரோட்டேக்ஸோ சிசியைப் பார்த்துப் போடுவது: முன்னதற்கு 279 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு, பின்னதற்கு 90 வெள்ளி. “சின்ன எஞ்சினுக்கு எப்படி அண்ணே பலம் கூட?” என்றான். அதை விளக்கப் போனபோதுதான் நம் பட்டியலின் இரண்டு சொற்களும் எனக்கு உதவவில்லை.

முதலில் ‘இடப்பெயர்ச்சி’. அது ஒரு பொருள் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போனது என்பதற்கான இயற்பியல் சொல். எஞ்சினில் நாம் அளப்பது தூரத்தை அல்ல, பிஸ்டன் மேலிருந்து கீழ் வரும்போது விடும் காலி இடத்தை. அந்த 1.8-இல் உருளையின் (சிலிண்டரின்) விட்டம் 81 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 87.3 மில்லிமீட்டர். விட்டத்திலிருந்து வட்டத்தின் பரப்பைக் கண்டு ஓட்டத்தால் பெருக்கிப் பாருங்கள், ஓர் உருளைக்கு ஏறத்தாழ 450 சிசி, நான்குக்கும் 1,799. ‘கொள்ளளவு’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கிட்ட வருகிறது, ஆனால் உருளையின் தலையில் பிஸ்டன் எட்டாத சிறு அறை ஒன்று உண்டு. உருளை கொள்ளும் அளவில் அதுவும் சேர்ந்துவிடும், சிசிக் கணக்கில் அது சேராது. பிஸ்டன் ஒரு முறை இறங்கி எவ்வளவு காற்றை அள்ளுகிறது என்பதுதான் கேள்வி. ஆகவே ‘அள்ளளவு’ என்கிறேன். பையன்களிடம் சொன்னேன், விளக்கம் கேட்கவில்லை.

அடுத்தது டர்போ. ‘ஊட்டி’ என்றால் என்ன ஊட்டுகிறது? எரியெண்ணெயா, காற்றா? போன மாதம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்றின் டர்போவைக் கழற்றி மேசையில் வைத்தேன். நத்தை ஓடு போல இரண்டு கூடு, நடுவே விரல் மொத்தத்தில் ஒரு தண்டு. ஒரு பக்கத்துச் சக்கரம் புகைக்கரி அப்பிக் கறுத்துக் கிடந்தது. மறுபக்கத்துச் சக்கரம் அலுமினியப் பளபளப்பு மாறாமல் இருந்தது. கறுத்த பக்கத்தை எஞ்சின் புகை தள்ளுகிறது, வெளுத்த பக்கம் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே அனுப்புகிறது. கார் டர்போக்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 150,000 சுற்றுக்கு மேலும் போகும்.

இதற்குத் தமிழில் சொல் தேடவே வேண்டாம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக் கொல்லர் பாராங் கத்தி அடிப்பதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்பேன். உலை அதேதான், கரியும் அதே கைப்பிடிதான். தோல் துருத்தியை இழுத்து விட்டால் சிவந்த கரி வெளுக்கும். சின்ன எஞ்சினுக்கு எப்படிப் பலம் கூடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை: அள்ளளவு கூடிய எஞ்சின் பெரிய உலை, டர்போ எஞ்சின் துருத்தி வைத்த சின்ன உலை. வெளிக்காற்றுக்கு மேல் ஒரு பார் (ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தமே இன்னொரு மடங்கு) அழுத்தம் ஏற்றினால் ஏறத்தாழ இரு மடங்கு காற்று உள்ளே போகும். அதற்கேற்ற எரியெண்ணெயும் போகும்.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி இதற்குக் காப்புரிமை பெற்றது 1905-இல். பின்னாளில் ‘டர்போசூப்பர்சார்ஜர்’ என்று நீட்டி அழைத்தார்கள், அதாவது சுழலியால் (புகை தள்ளும் அந்தச் சக்கரத்தால்) ஓடும் துருத்தி. அதையே ‘சுழலித்துருத்தி’ என்போம். எஞ்சினின் வார் (பெல்ட்) இழுத்து ஓட்டும் சூப்பர்சார்ஜர் ‘வார்த்துருத்தி’. எது ஓட்டுகிறது என்பது பெயரிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் குணம் அங்கேதான் பிரிகிறது. வார் உடனே இழுக்கும். புகையோ மெதுவாக ஓடும் எஞ்சினில் மெலிந்திருக்கும்; மிதித்த பிறகு புகை பலத்து, சுழலி வேகம் பிடித்து, அப்புறம்தான் காற்று ஏறும். அந்த இடைவெளிக்குச் ‘சுணக்கம்’ என்ற சொல்லே போதும்.

ரோந்து காருக்கு எது நல்லது என்று சிப்பாங்கிலிருந்து எழுதிய தம்பி கேட்டிருந்தார். அமெரிக்காவில் ஃபோர்டு கிரவுன் விக்டோரியா 4.6 லிட்டர் வி8 (எட்டு உருளை) எஞ்சினோடு 2011 வரை வந்தது, 250 குதிரைத்திறன். அடுத்து வந்த போலீஸ் காரில் இரட்டைத் துருத்தி வைத்த 3.5 லிட்டர் எஞ்சின் 365 கொடுத்தது. டாட்ஜ் சார்ஜரின் 5.7 லிட்டர் வி8 கொடுத்ததும் 370-தான். ஆனால் ரோந்து கார் பாதி நேரம் ஓடுவதில்லை. ஏர்கான் ஓட, விளக்கு சுழல, சாலையோர வெயிலில் நிற்கும். நிற்கும் காரில் துருத்திக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்றோட்டம் இல்லை, சூடேறிக் கிடக்கும். அந்த நிலையில் ஒரு மோட்டார் சைக்கிளைத் துரத்தப் பாய்ந்தால் முதல் சில நொடிகள் பெரிய அள்ளளவு எஞ்சினே நம்பிக்கை. அதுவே நெடுஞ்சாலையில் ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில் நான்கு பேரோடு போவதென்றால் நான் துருத்தியைத்தான் கேட்பேன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து

*

தம்பிக்கு வணக்கம்.

‘அள்ளளவு’ நன்று. கொள்ளளவு போலவே புணர்கிறது, மாற்ற ஒன்றுமில்லை. ‘துருத்தி’யில் எனக்குத் தயக்கம் இருந்தது. ஆற்றின் நடுவே இருக்கும் திட்டுக்கும் அந்தப் பெயர் உண்டு, ‘துருத்திக்கொண்டு நிற்கிறது’ என்றும் சொல்கிறோம். ஆனால் எஞ்சினைப் பற்றிப் பேசும்போது யாரும் ஆற்றுத் திட்டை நினைக்கப் போவதில்லை. நீளம்தான் குறை. வினைத்தொகையாகச் ‘சுழல்துருத்தி’ என்று சுருக்கலாமே?

தெலுக் இந்தானிலிருந்து

*

டீச்சர், மிக்க நன்றி. சுழல்துருத்தி வாய்க்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வார் இழுக்கும் துருத்தியும் சுழலத்தான் செய்கிறது. சுருக்கினால் பிரித்துக் காட்டும் எழுத்தே போய்விடும். அகராதியில் ‘சுழலித்துருத்தி’ இருக்கட்டும், பட்டறையில் வெறும் ‘துருத்தி’ என்போம். டர்போவும் அப்படிச் சுருங்கிய பெயர்தானே.

அழுத்தம் மிஞ்சும்போது புகையைச் சுழலிக்குப் போகாமல் திருப்பி விடும் வேஸ்ட்கேட்டுக்கு, ஏரி மதகை நினைத்துப் ‘புகைமதகு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வகுப்புக்கு முன் நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் பலகையில் ஏற்றிவிடுவேன்.